பழைய போனில் நெட் வரவில்லையா? கடைக்கு ஓடும் முன் கவனிக்க வேண்டியவை

(பண்ணை ஒலிபரப்பில் வழங்கிய உரை)



பூச்சி மருந்து, உரம், பம்புசெட் என்று பேசுகிற இந்த நேரத்தில் இன்றைக்குச் செல்போனைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "போனுக்கும் விவசாயத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கேட்ட காலம் போய்விட்டது. மழை அறிவிப்பும் சந்தை விலையும் இப்போது அதில்தான் வருகின்றன. நமது மாநில அரசின் உழவன் செயலி 2018-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆகவே போனில் நெட் நின்றால் நம் வேலையும் நிற்கிறது.

போன தை மாதம் எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பெரியவர் சம்பா நெல்லை அடித்துக் களத்தில் காயப் போட்டிருந்தார். மகன் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த பழைய போன் அவரிடம் இருந்தது. காலையில் எடுத்துப் பார்த்தார். வைஃபை குறி இருந்தது, செய்தி எதுவும் இல்லை. "மழைச் சேதி ஒண்ணும் இல்லை" என்று நிம்மதியாக இருந்துவிட்டார். பிற்பகல் மூன்று மணிக்கு மழை பிடித்தது. தார்ப்பாயை இழுத்துப் போடுவதற்குள் பாதி நெல் நனைந்துவிட்டது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதத்துக்கு 17 சதவீதம் என்பது வழக்கமான வரம்பு. நனைந்த நெல்லை மறுபடி காயவைத்துக் கொண்டுபோக அவருக்கு எட்டு நாள் ஆயிற்று.

அன்று இரவு மருமகள் அந்தப் போனை வாங்கி வைஃபையை அணைத்தார். சிம் கார்டின் நெட் வந்தது. உடனே தடதடவென்று செய்திகள் இறங்கின. அதில் ஒன்று, காலை எட்டு மணிக்கே அனுப்பிய மழை எச்சரிக்கை! "வைஃபை இருந்துச்சே, அப்புறம் ஏம்மா வரலை?" என்று கேட்டார் பெரியவர். "வைஃபை இருந்துச்சு மாமா, அதுல நெட்தான் இல்லை" என்றார் மருமகள்.

இந்த ஒரு பதிலில் பாதி விஷயம் அடங்கியிருக்கிறது. வைஃபை என்பது வீட்டில் இருக்கும் ரூட்டர் பெட்டிக்கும் போனுக்கும் இடையே உள்ள வாய்க்கால். வாய்க்கால் நன்றாக இருந்தாலும் மதகில் தண்ணீர் இல்லாவிட்டால் வயலுக்கு என்ன வரும்? மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏறாவிட்டால் எடுத்த எடுப்பில் மோட்டாரையா கழற்றுகிறோம்? கரண்ட் இருக்கிறதா, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, புட்வால்வு சரியா என்று பார்த்துவிட்டுத்தானே மோட்டாரில் கை வைக்கிறோம். போனிலும் அதே வரிசைதான்.

முதலில் மதகைப் பாருங்கள்

வீட்டில் இருக்கும் இன்னொரு போனில் நெட் வருகிறதா என்று பாருங்கள். அதிலும் வராவிட்டால் குறை உங்கள் போனில் இல்லை. ரூட்டரை அணைத்து, அரை நிமிடம் பொறுத்துத் திரும்பப் போடுங்கள். விளக்குகள் நிலைக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். கண்ணாடி இழைக் கம்பி வழியாக நெட் வரும் வீடுகளில் அந்தப் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்று ஒரு விளக்கு உண்டு. அது சிவப்பாக எரிந்தால் கம்பி வழியே ஒளி வரவில்லை என்று பொருள். எலி கடித்திருக்கலாம், கம்பி மடங்கியிருக்கலாம். அந்தக் கம்பியைக் கயிறு போல மடக்கி ஆணியில் மாட்டக் கூடாது. இதை நெட் கொடுத்தவர்தான் வந்து சரி செய்ய வேண்டும்.

இரண்டாவது வாய்க்கால்

மற்ற போனில் வருகிறது, உங்கள் போனில் மட்டும் வரவில்லை என்றால், ரூட்டருக்குப் பக்கத்தில், ஐந்தாறு அடி தூரத்தில் நின்று பாருங்கள். அங்கே வந்தால் குறை தூரத்தில்தான். கனத்த சுவர், தகரக் கொட்டகை, இரும்பு பீரோ, தண்ணீர்த் தொட்டி இவையெல்லாம் வைஃபை அலையைத் தடுப்பவை. ரூட்டரைத் தரையிலோ பீரோவுக்குப் பின்னாலோ வைக்காமல், உயரமாக, வீட்டின் நடுவில் வையுங்கள்.

பக்கத்தில் நின்றும் உங்கள் வைஃபையின் பெயரே போனில் தெரியவில்லையா? பழைய போன்களில் அடிக்கடி வரும் சங்கதி இது. வைஃபை அலையில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5 ஜிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு வகை பெரிதும் வழக்கத்தில் உள்ளன. பழைய போன்கள் பலவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும். 5-இல் ஓடும் வைஃபை அவற்றின் கண்ணுக்கே படாது. ரூட்டரில் 2.4-ஐயும் போட்டு வைக்கச் சொல்லுங்கள். வேகம் சற்றுக் குறைந்தாலும் சுவரைத் தாண்டி எட்டுவது இதுதான்.

மகனோ மகளோ தங்கள் புதுப் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுக்கும்போதும் இதே கதைதான். "போட்டுட்டேன் அப்பா" என்பார்கள். உங்கள் போனில் ஒன்றும் தெரியாது. அவர்களுடைய ஹாட்ஸ்பாட் அமைப்பில் 2.4-க்கு மாற்றச் சொல்லுங்கள், தெரியும்.

பெயர் தெரிகிறது, சரியான பாஸ்வேர்டு போட்டும் சேர மறுக்கிறது என்றால் பூட்டு புதிதாக இருக்கலாம். டபிள்யூ.பி.ஏ. 3 என்கிற பாதுகாப்பு முறை 2018-இல் வந்தது. அதற்கு முந்தைய போன்கள் பலவற்றுக்கு அது தெரியாது. ரூட்டரில் 2, 3 இரண்டையும் ஏற்கும் கலப்பு முறை இருக்கும். அதை வைத்தால் பழையதும் சேரும், புதியதும் சேரும். அதற்காகப் பாஸ்வேர்டே இல்லாமல் திறந்து போட்டுவிடாதீர்கள். வேலி இல்லாத தோட்டத்தில் யார் வேண்டுமானாலும் நுழைவார்கள்.

மூன்றாவது போன்

இவை எல்லாம் சரியென்றால் போனுக்கு வருவோம். எளியதிலிருந்து வரிசையாகச் செய்யுங்கள். ஒவ்வொன்றும் முடிந்ததும் நெட் வருகிறதா என்று பார்த்துவிட்டே அடுத்ததற்குப் போங்கள்.

ஒன்று: போனை முழுவதும் அணைத்துத் திரும்பப் போடுங்கள். பாதிக் குறை இதிலேயே தீர்ந்துவிடும்.

இரண்டு: தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். சார்ஜ் அடியோடு இறங்கிக் கிடந்த போனில் தேதி பின்னுக்குப் போயிருக்கலாம். தேதி தவறினால் வைஃபை சேர்ந்தாலும் பல தளங்கள் திறக்காது. தேதியைத் தானாக எடுக்கும்படி வையுங்கள்.

மூன்று: செட்டிங்ஸில் வைஃபை பெயரைத் தொட்டு, மறந்துவிடு என்பதை அழுத்தி, பாஸ்வேர்டைப் புதிதாக அடியுங்கள். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு.

நான்கு: மின்சேமிப்பு முறை போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். திரை அணைந்ததும் அது பின்னால் ஓடும் செயலிகளின் நெட்டை நிறுத்தி வைப்பதுண்டு.

ஐந்து: நெட்வொர்க் அமைப்புகளை மீட்டமை என்று ஒன்று இருக்கும். இதில் வைஃபை பாஸ்வேர்டுகள் அழியும். படங்களும் போன் எண்களும் அழியாது.

முழு போனையும் அழித்துப் புதிதாக்கும் வேலையைக் கடைசியில், படங்களையும் எண்களையும் வேறிடத்தில் சேமித்த பிறகே செய்ய வேண்டும். கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு தெரியாமல் அழித்தால், போன் திரும்ப அதையே கேட்டுக்கொண்டு பூட்டி நிற்கக்கூடும்.

கீழே விழுந்த பிறகோ நனைந்த பிறகோ குறை வந்திருந்தால் உள்ளே ஆன்டெனா பழுதாகியிருக்கலாம். அதைக் கடைக்காரர்தான் பார்க்க வேண்டும். பின்மூடி தூக்கிக்கொண்டு பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள். தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

வைஃபை நன்றாக இருந்தும் வாட்ஸ்அப் மட்டும் ஓடவில்லையா? போனின் ஆண்ட்ராய்டு பதிப்பைப் பாருங்கள். 5.0-க்கு முந்தைய பதிப்புகளில் 2025-ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து வாட்ஸ்அப் வேலை செய்வதில்லை. அதற்கு ரிப்பேர் கிடையாது. காசைக் கடையில் கொட்டாதீர்கள்.

ஓ.டி.பி. எண் வராததற்கும் வைஃபையைக் குறை சொல்ல வேண்டாம். எஸ்.எம்.எஸ். செல்போன் டவர் வழியாக வருவது. டவர் சிக்னல் இருக்கும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. "உங்க நெட்டை நான் சரி பண்ணித் தர்றேன், இந்தச் செயலியை ஏத்துங்க, ஓ.டி.பி. சொல்லுங்க" என்று யாராவது போனில் பேசினால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். நெட்டைச் சரிசெய்ய எவருக்கும் உங்கள் ஓ.டி.பி. தேவையில்லை. ஏமாந்து பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

அந்தப் பெரியவர் இப்போது காலையில் எழுந்ததும் ஒரு காரியம் செய்கிறார். உழவன் செயலியைத் திறந்து, அன்றைய தேதி போட்ட செய்தி வருகிறதா என்று பார்க்கிறார். வராவிட்டால் வைஃபையை அணைத்துச் சிம் நெட்டில் பார்க்கிறார். அரை நிமிட வேலை. அறுவடைக் காலத்தில் நீங்களும் இதைச் செய்யுங்கள். செய்தி வராததை மழை வராது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.