பழைய வண்டிக்குப் புதிய தீப்பொறி

ஆனி மாதம் பிறந்ததும் ஆரியங்காவுக் கணவாயின் வழியே தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்குகிறது. குற்றாலத்தில் சாரல் விழுகிறது. பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் செல்லும் மக்கள் கூட்டத்தால் தென்காசிச் சாலைகள் நிறைகின்றன. அந்தக் கூட்டத்திடையே முப்பது, நாற்பது ஆண்டு வயதுள்ள மோட்டார் சைக்கிள்களும் ஓடுவதைக் காணலாம். வெயிற்காலத்தில் குறையின்றி ஓடிய இத்தகைய வண்டி, சாரற்காலத்தில் திடீரென்று இருமி நின்றுவிடுவதுண்டு. பழைய தீப்பொறி அமைப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, கடையில் விற்கும் மின்னணு அமைப்பைப் பொருத்திவிடலாமா என்ற வினா அப்போது எழுகிறது. விடை காண்பதற்கு முன், தீப்பொறி பிறக்கும் விதத்தை அறிந்துகொள்வோம்.

பெட்ரோல் இயந்திரத்தின் சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட காற்றும் பெட்ரோல் ஆவியும் தாமாகப் பற்றிக்கொள்வதில்லை. ஸ்பார்க் பிளக்கின் சிறிய இடைவெளியில் ஒரு பொறி பாய வேண்டும். அவ்வாறு பாய்வதற்குப் பதினாயிரம் வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் தேவை. வண்டியின் பாட்டரி தருவதோ 6 அல்லது 12 வோல்ட்டுதான். இந்தப் பெரிய இடைவெளியை நிரப்புவது, 1831ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்தூண்டல் என்னும் தத்துவமாகும்.

பம்பு செட்டுக் குழாயில் விசையோடு ஓடும் தண்ணீரைத் திடீரென்று அடைத்தால் குழாயே அதிர்கிறது. ஓடும் நீரின் வேகம் ஒரு கணத்தில் அழுத்தமாக மாறுவதே அதற்குக் காரணம். காயில் என்னும் மின்சுருளிலும் ஏறக்குறைய இதுவே நிகழ்கிறது. அதன் முதற்சுற்றில் பாட்டரியின் மின்னோட்டம் பாய்ந்து காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அந்த ஓட்டத்தைச் சட்டென்று துண்டித்தால் காந்தப்புலம் சரிகிறது. பல்லாயிரம் சுற்றுகள் கொண்ட இரண்டாம் கம்பியில் பெரும் மின்னழுத்தம் எழுகிறது. துண்டிக்கும் வேலையைச் செய்பவை, நம் மெக்கானிக்குகள் ‘பாயிண்டு’ என்று அழைக்கும் இரண்டு சிறிய தொடுமுனைகள். கேம் என்னும் மேடுள்ள தண்டு சுழன்று அவற்றைப் பிரிக்கிறது. பிரியும்போது அங்கே தோன்றும் வீண்பொறியைத் தணிப்பது, பக்கத்திலுள்ள கண்டென்சர். அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் 1910ஆம் ஆண்டையொட்டிக் காடிலாக் கார்களுக்காகச் செம்மைப்படுத்திய இந்த முறை, அரை நூற்றாண்டுக்கு மேலாக உலகெங்கும் வழங்கிவந்தது.

நம் நாட்டிலும் அப்படியே. இங்கிலாந்தின் ராயல் என்பீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955இல் என்பீல்டு இந்தியா நிறுவனத்தைத் தோற்றுவித்தன. சென்னையை அடுத்த திருவொற்றியூரில் உருவான புல்லட் வண்டிகள் பல பத்தாண்டுகள் பாயிண்டையே நம்பியிருந்தன. மைசூரில் 1996 வரை இயங்கிய ஐடியல் ஜாவா தொழிற்சாலையின் ஜாவா வண்டிகளிலும் பாயிண்டே இருந்தது. இன்று நாம் பேசுவது பெரும்பாலும் இவ்வண்டிகளைப் பற்றியே.

பாயிண்டின் உழைப்பு எளிதன்று. புல்லட்டின் இயந்திரம் நிமிடத்துக்கு 3,600 முறை சுழல்வதாகக் கொள்வோம். நான்கடி இயந்திரமாகையால் இரண்டு சுழற்சிக்கு ஒரு பொறி. ஆகவே நொடிக்கு 30 பொறிகள். அத்தனை முறையும் பாயிண்டு சேர்ந்து பிரிய வேண்டும். காயிலின் மின்தடை 3 ஓம் என்றால், 12 வோல்ட்டு பாட்டரியிலிருந்து 4 ஆம்பியர் வரை அதன் வழியே செல்லும். நாளடைவில் முனைகள் கருகிக் குழி விழுகின்றன. கேம் மீது உரசும் அடிப்பகுதி தேய்கிறது. தேயத் தேய இடைவெளி குறைந்து, பொறியும் தாமதமாகப் பிறக்கிறது. புல்லட்டில் இந்த இடைவெளி சுமார் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். அதைச் சரிபார்க்க ஓர் அளவுத் தகடும் சிறிது பொறுமையும் போதும்.

ஆனால் சாரலில் நிற்கும் வண்டிகள் எல்லாவற்றுக்கும் பாயிண்டே காரணம் என்று கொள்ளலாகாது. வெடித்த பிளக் மூடி, உறை கிழிந்த கம்பி, தளர்ந்த இணைப்பு ஆகியவற்றில் ஈரம் ஏறினாலும் உயர்மின்னழுத்தம் பிளக்கை அடையாமல் வெளியே கசிந்துவிடும். இக்குறையை எந்த மின்னணுப் பெட்டியும் தீர்க்காது. ஆகவே, புதிய அமைப்பு வாங்குமுன் பிளக், மூடி, கம்பி, பாயிண்டு, கண்டென்சர் ஆகியவற்றைப் புதுப்பித்துப் பார்ப்பது முதற்கடமை. பல வண்டிகள் இச்சிறு செலவிலேயே நலம் பெறும்.

அதன் பின்னும் மாற்றம் வேண்டுமென்றால், மூன்று வழிகள் உண்டு. முதலாவது, பாயிண்டுக்குத் துணையாக டிரான்சிஸ்டரை அமைப்பது. காயிலின் பெரிய மின்னோட்டத்தை டிரான்சிஸ்டர் துண்டிக்கும். பாயிண்டின் வழியே சிறிதளவே செல்லும். முனை கருகாது, ஆயினும் கேம் மீதான தேய்மானம் நீங்காது. இரண்டாவது, பாயிண்டையே அகற்றிவிட்டு, சுழலும் காந்தத்தை ஓர் உணரி கண்டு டிரான்சிஸ்டருக்குக் குறிப்புணர்த்துவது. இதில் உரசும் பகுதி இல்லை. இங்கிலாந்தின் பாயர் பிரான்ஸ்டன் போன்ற நிறுவனங்கள் பழைய பிரிட்டிஷ் வண்டிகளுக்கு இவ்வகையைச் செய்துவருகின்றன. மூன்றாவது, ‘சி.டி.ஐ.’ எனப்படும் முறை. கண்டென்சரில் சில நூறு வோல்ட்டு மின்னூட்டத்தைச் சேர்த்து வைத்து, உரிய கணத்தில் காயிலுக்குள் கொட்டுவது இதன் இயல்பு. வண்டியின் சுழற்சியிலிருந்தே மின்சாரம் பெறும் வகையாயின், பாட்டரி செத்தாலும் பொறி வரும்.

இவற்றுள் எதைத் தேர்வது? விளம்பரத்தைப் பார்க்குமுன் வண்டியைப் பார்க்க வேண்டும். அது 6 வோல்ட்டா, 12 வோல்ட்டா? பாட்டரியின் எந்த முனை வண்டிச் சட்டத்தோடு இணைந்துள்ளது? பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் நேர்முனை சட்டத்தோடு இணைந்திருக்கும். மாற்றி இணைத்தால் புதிய பெட்டி அக்கணமே கெடக்கூடும். காயிலின் மின்தடை, பெட்டியைச் செய்தோர் குறிப்பிட்ட அளவில் உள்ளதா? தடையுள்ள பிளக் மூடி வேண்டுமென்று அவர்கள் சொல்லியிருக்கிறார்களா? அத்தடை இல்லையேல், பொறியிலிருந்து எழும் அலைகள் வானொலிப் பெட்டியில் கரகரப்பை எழுப்புவதோடு, மின்னணுப் பெட்டியையும் குழப்பலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது பாட்டரியின் நிலை. நல்ல 12 வோல்ட்டு பாட்டரி ஓய்வில் 12.6 வோல்ட்டு அளவைக் காட்டும். இயந்திரம் வேகமாக ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி ஏற வேண்டும். ஏறவில்லையேல் மின்னூட்டும் பகுதியை முதலில் திருத்த வேண்டும். மின்னழுத்தம் குறைந்த நிலையில், பாட்டரியை நம்பிய மின்னணுப் பெட்டிகள் சில தவறான நேரத்தில் பொறி விடுவதுண்டு. பிஸ்டன் மேலே வருவதற்கு மிகவும் முன்னதாகவே பொறி பிறந்தால், உதைக்கும் கிக்கர் திருப்பி உதைக்கும். ஓட்டுபவரின் கணுக்கால் முறியவும் கூடும். தீப்பொறியின் நேரம், இயந்திரத்தின் நலனோடு மனிதனின் எலும்பையும் பற்றிய செய்தியாகும்.

இன்னொரு வேறுபாட்டையும் எண்ணிப்பார்க்க வேண்டும். பாயிண்டு கெடும்போது பெரும்பாலும் முன்னறிவிப்புத் தருகிறது. தொடக்கம் கடினமாகிறது, வேகம் தளர்கிறது. சாலையோரத்தில் ஒரு துண்டு உப்புத்தாளால் முனையைத் தேய்த்து, அஞ்சலட்டையின் ஓரத்தால் இடைவெளியை மதிப்பிட்டு, வீடு வந்து சேரலாம். மின்னணுப் பெட்டியோ பல ஆண்டுகள் கவனிப்பின்றி உழைக்கும். கெட்டால் ஒரேயடியாகக் கெடும். அதைத் திறந்து பழுதுபார்க்க இயலாது. புளியரையிலிருந்து ஆரியங்காவுக்கு ஏறும் மலைச்சாலையில், மாலை மங்கி மழை கொட்டும்போது, இவ்வேறுபாடு நன்கு புலப்படும்.

எனவே, வாரம் ஒருமுறை தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே ஓட்டுபவர், தம் கையால் பாயிண்டைப் பராமரிக்கும் பழக்கமுடையவராயின், பழைய முறையையே செம்மையாக வைத்துக்கொள்வது தகும். நாள்தோறும் தொலைதூரம் செல்பவருக்கும், வண்டியின் மின்னூட்டம் சீராக இருப்பவருக்கும், பாயிண்டில்லா அமைப்பு நன்மை தரும். பாட்டரி இல்லாமலே ஓடப் பிறந்த வண்டிக்கு சி.டி.ஐ. பொருந்தும். எதைத் தேர்ந்தாலும், பழைய பாயிண்டுத் தகட்டைத் தூக்கி எறியாமல் கருவிப்பையில் வைத்திருப்பது நல்லது. துளையிடாமலும் வெட்டாமலும் பொருத்தக்கூடிய அமைப்பை வாங்கினால், அத்தகட்டை வேண்டும்போது திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.

மாணவர்கள் இதை நேரில் கண்டறியலாம். பாயிண்டுள்ள வண்டியில், பாயிண்டுக்கு வரும் கம்பிக்கும் வண்டிச் சட்டத்துக்கும் இடையே ஒரு சிறு பல்பை இணைத்து, சாவியைத் திருப்பி, பிளக்கைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டு, இயந்திரத்தை மெல்லச் சுழற்றினால், பாயிண்டு பிரியும் கணத்தில் பல்பு ஒளிரும். அப்போது பிஸ்டன் எங்கே நிற்கிறது என்பதைப் பெரியவர் ஒருவர் துணையோடு அளந்து பாருங்கள். சோதனை முடிந்ததும் சாவியை அணைக்க மறவாதீர்கள். பாயிண்டு சேர்ந்த நிலையில் நின்றால் காயில் சூடேறி, பாட்டரியும் வடிந்துபோகும். பாடநூலில் படித்த மின்தூண்டல், அந்தச் சிறு பல்பின் வெளிச்சத்தில் உங்கள் கண்முன் விளங்கும். அதை விளங்கிக்கொண்டவரே, கடைக்காரர் காட்டும் பெட்டிகளுள் தம் வண்டிக்கு ஏற்றது எது என்று துணிந்து சொல்ல வல்லவர்.