முகத்தில் ஏறும் ஊசிக்கு வழிகாட்டும் ஸ்கேன்

பசறைத் தோட்டப் பகுதிகளிலிருந்து கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் வேலைக்குப் போய்த் திரும்பும் சகோதரிகளின் பேச்சில் 'ஃபில்லர்' என்ற சொல் இப்போது அடிபடுகிறது. ஒட்டிய கன்னம், மெல்லிய உதடு, குழிவிழுந்த தழும்பு போன்றவற்றை ஊசிமருந்தால் நிரப்புவதே இம்முறை. செல் துண்டு பட்ட தழும்போடு வாழும் பெண்ணுக்கு இந்த ஆசை வருவதில் தவறில்லை. ஆனால் அதன் ஆபத்தையும் அவள் அறிந்திருக்க வேண்டும்.

இதற்குப் பெரும்பாலும் பயன்படுவது ஹயலூரோனிக் அமிலம். முகத்து இரத்தக்குழாய்கள் ஆளுக்கு ஆள் வெவ்வேறு விதமாக ஓடுகின்றன. மருந்து குழாய்க்குள் புகுந்து அடைத்தால், இரத்தம் கிடைக்காமல் தோல் அழுகலாம். மூக்கு, புருவங்களின் நடு, நெற்றி ஆகியவற்றின் குழாய்கள் கண்ணின் குழாய்களோடு தொடர்புள்ளவை. அதனால் பார்வை இழந்தவர்களும் உண்டு. தழும்புள்ள இடத்தில் ஆபத்து இன்னும் கூடுதல். இறுகிய தழும்புக்குள் இருக்கும் குழாய், ஊசி வரும்போது விலகிக்கொடுக்காது.

இங்கேதான் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் உதவுகிறது. கர்ப்பகாலத்தில் வயிற்றில் வைத்துப் பார்க்கும் அதே வகை ஸ்கேன்தான். இதில் கதிர்வீச்சு இல்லை. இரத்தம் எங்கே ஓடுகிறது, எங்கே நின்றுவிட்டது என்பதை 'டொப்ளர்' முறை காட்டும்.

2025 டிசம்பரில் வட அமெரிக்கக் கதிரியக்கச் சங்கத்தின் கூட்டத்தில், பிரேசிலின் சாவோ பாலோ பல்கலைக்கழக வைத்தியர் ரோசா சிக்ரிஸ்ட் ஓர் ஆய்வை முன்வைத்தார். ஃபில்லரால் குழாய் பாதிக்கப்பட்ட 100 பேர் அதில் ஆராயப்பட்டனர். சுமார் 42 சதவீதமானோரில் சிறு இணைப்புக் குழாய்களிலும், 35 சதவீதமானோரில் முக்கிய குழாய்களிலும் இரத்த ஓட்டம் காணப்படவில்லை. அடைப்பு இருக்கும் இடம் தெரிந்தால், ஹயலூரோனிக் அமிலத்தைக் கரைக்கும் ஹயலூரோனிடேஸ் மருந்தைச் சரியாக அங்கேயே செலுத்தலாம். சிலிக்கோனை இப்படிக் கரைக்க முடியாது.

ஆகவே சகோதரிகளே, ஊசிக்கு முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். ஊசி போடுபவர் பதிவுபெற்ற வைத்தியரா? மருந்தின் பெயர் என்ன? கரைக்கும் மருந்து கையில் உள்ளதா? ஸ்கேன் வசதி உண்டா? முகத்தில் பழைய காயமோ சத்திரசிகிச்சையோ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். உள்ளே செல் துண்டு இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

ஊசிக்குப் பின் கடும் வலி, தோல் வெளிறுதல், நீலத் திட்டுகள், பார்வை மங்கல் கண்டால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். 1990 அம்புலன்ஸை அழைத்து வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

ஸ்கேன் இருந்தாலும் ஆபத்து முற்றாக நீங்காது, குறையும். கேள்விக்குப் பதில் சொல்லாத இடத்தில் முகத்தைக் கொடுக்காதீர்கள்.