துயரச் செய்தியும் தொழில் முயற்சியும்

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை வீடு வந்து சேர்ந்ததும், அதனை ஒவ்வொருவரும் ஒவ்வொரு நோக்குடன் விரிப்பர். முதியோர் மரண அறிவித்தல்களைத் தேடுவர்; சிறுவர் விளையாட்டுச் செய்திகளை நாடுவர்; பட்டம் பெற்றுவிட்டு வீட்டிலிருக்கும் பிள்ளை உத்தியோக விளம்பரங்களை ஒரு வரி விடாது படிப்பார். உள்ளூர்ச் செய்திகளோ, விளைந்த வெங்காயத்துக்கு விலையில்லை, குப்பை அகற்றப்படவில்லை, காட்டு யானை பயிரை அழித்தது என்று முறையிட்டபடி ஒரு மூலையிற் கிடக்கும். "ஐயோ பாவம்" என்று கூறிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவது நம்மவர் வழக்கம்.

ஆயினும், வாழ்வில் ஒரு வழி தேடி நிற்கும் இளைஞருக்கு உத்தியோக விளம்பரத்தைக் காட்டிலும் இம்மூலைச் செய்திகளே பயன் மிக்கவை என்பது நமது கருத்து. விளம்பரம், பிறர் முன்பே ஆக்கிவைத்த ஓர் இடத்தைக் காட்டுகிறது. அவ்வோர் இடத்துக்குப் பல்லாயிரவர் முண்டியடிப்பர். முறைப்பாடோ, இன்னும் எவரும் சரிவரச் செய்யாத ஒரு வேலையைக் காட்டுகிறது. "கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்னும் யாழ்ப்பாணத்துப் பழமொழியை நம்பி அரசாங்கக் கடிதத்துக்குக் காத்திருந்தே இளமையைக் கழித்தோர் எத்தனை பேர்!

துயரச் செய்தியிலிருந்து தொழில் பிறப்பதற்கும், பிறந்த தொழில் அழிவதற்கும் நமது நாட்டு வரலாற்றிலேயே சான்று உண்டு. 1869 ஆம் ஆண்டில் இலங்கையின் கோப்பிச் செடிகளில் இலைத் துருநோய் கண்டறியப்பட்டது. செம்மஞ்சட் புள்ளிகள் படர்ந்து இலைகள் உதிர்ந்தன. தோட்டங்கள் ஒவ்வொன்றாய் வீழ்ந்தன. கோப்பித் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியன்டல் வங்கி 1884 இல் முறிந்தது. அக்காலத்துப் பத்திரிகை படித்தோர் யாவரும் இத்துன்பத்தை அறிந்திருந்தனர். ஆனால் யாவரும் நல்ல வழி கண்டனரோ எனின், இல்லை. தோட்டத்துரைமாரிற் பலர் சின்கோனா மரத்தின்பால் விரைந்தனர். மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகிய குயினைன் அம்மரப்பட்டையிலிருந்தே எடுக்கப்பட்டது. எல்லோரும் ஒருங்கே நட்டமையால் பட்டை மலைபோற் குவிந்தது, விலை சரிந்தது, இரண்டாம் முறையும் பலர் நட்டமடைந்தனர்.

நாட்டைக் காத்தது, பரபரப்பின்றி நடந்த ஒரு சிறு முயற்சியாகும். ஜேம்ஸ் டெயிலர் என்பவர், நோய் கண்டறியப்படுவதற்கு இரண்டாண்டு முன்னரே, 1867 இல், கண்டி மலைப்பகுதியின் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். தமது வீட்டு விறாந்தையிலேயே கொழுந்தைக் கையாற் சுருட்டிப் பதம் பார்த்தார். 1873 இல் இலண்டனுக்குச் சென்ற இலங்கைத் தேயிலை வெறும் 23 இறாத்தல். கோப்பி மடிந்தபோது, பிறர் கண்டு கற்பதற்கு அச்சிறு தோட்டம் ஆயத்தமாக இருந்தது. 'சிலோன் ஒப்சேவர்' பத்திரிகையை நடத்திய பேர்கசன் குடும்பத்தார், புதுப் பயிர்கள் பற்றிய அறிவைப் பரப்புதற்கென 1881 இல் 'ட்ரொப்பிக்கல் அக்ரிகல்சரிஸ்ட்' என்னும் சஞ்சிகையையும் தொடங்கினர். எனினும், தேயிலைச் செல்வத்தைத் தம் உழைப்பால் ஆக்கிய தமிழ்த் தோட்டத் தொழிலாளருக்கு அதிற் கிடைத்த பங்கு மிகச் சிறிது என்பதையும் மறத்தலாகாது.

இவ்வரலாற்றைத் துணையாகக் கொண்டு, செய்தி படிப்போர் தம்மைத் தாமே கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று என்போம்.

முதலாவது: இத்துன்பம் மீண்டும் மீண்டும் வருகிறதா? ஒருநாட் செய்தி ஒருநாளில் மறையும். ஆண்டுதோறும் அதே மாதத்தில் அச்சேறும் செய்தியே தொழிலுக்கு அடிப்படையாகும். குருநாகல், புத்தளம் முதலிய மாவட்டங்களில் தேங்காய் மட்டையிலிருந்து தும்பு எடுத்தபின் எஞ்சும் தூள், ஆலையோரங்களிற் குன்றுகளாய்க் குவிந்து நெடுங்காலம் தொல்லையாகவே கருதப்பட்டது. அத்தூள் தன் நிறையைப் போற் பன்மடங்கு நீரைப் பிடித்துவைக்க வல்லது என்பதை உணர்ந்தோர், அதனைக் கட்டிகளாய் அழுத்தி, வெளிநாட்டுப் பயிர்மனைகளுக்கு அனுப்பலாயினர். இன்று அது சிறந்ததோர் ஏற்றுமதிப் பண்டம்.

இரண்டாவது: இதனால் இப்போதே பணத்தையும் நேரத்தையும் இழந்துகொண்டிருப்பவர் யார்? இரங்குவோர் பலர் இருப்பர். பொருள் கொடுத்து வாங்குவோர் அவருள் இருப்பர் எனக் கொள்ளற்க. இழப்பவரே தீர்வுக்கு விலை கொடுப்பார்.

மூன்றாவது: நமது முயற்சி வென்றால் துன்பம் குறையுமா, நீளுமா? 2022 இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது இருவகையினரைக் கண்டோம். சிலர் பெற்றோலைப் பதுக்கிவைத்துப் பன்மடங்கு விலைக்கு விற்றனர். வேறு சிலர் மூலையிற் கிடந்த பழைய சைக்கிள்களைப் பழுதுபார்த்து ஓடச்செய்தனர். இருசாராரும் பணம் பெற்றனர். முன்னவருக்குத் தட்டுப்பாடு நீடிப்பதே இலாபம். பின்னவரோ அதன் சுமையைக் குறைத்தனர். முன்னதை முயற்சியென்று நம் பிள்ளைகள் மயங்காதிருத்தல் வேண்டும்.

இவ்வினாக்களை நம் வீட்டுவாயிற் செய்தி ஒன்றிற் பொருத்திப் பார்ப்போம். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் விளையும் சின்ன வெங்காயத்துக்கு அறுவடைக் காலத்தில் விலையில்லை என்பது பழகிய முறைப்பாடு. எல்லோரும் ஒரே பருவத்தில் நட்டு, ஒரே வாரங்களிற் கிண்டிச் சந்தைக்குக் கொணர்வதால் வரும் வீழ்ச்சி அது. ஆனால் இவ்வெங்காயம் பெரும்பாலும் வெங்காயத்தையே விதையாக ஊன்றிப் பயிரிடப்படுவது. ஆகவே, மலிவாக விற்ற கமக்காரர் சிலர், அடுத்த நடுகைக்கு விதை வெங்காயத்தைக் கூடிய விலைக்கு வாங்க நேர்கிறது. ஒரே செய்தியின் இரு முனைகள் இவை. இடையிலுள்ள சில மாதங்கள் வெங்காயத்தை அழுகாமலும் முளைவிடாமலும் காத்துத் தருவதே அங்கு எஞ்சியிருக்கும் வேலை. பாழாகப் போவதைக் காத்து, உரிய பருவத்தில் நியாய விலைக்குக் கொடுத்தல் பதுக்கலாகாது.

அதற்காக முதல் நாளே கடன்பட்டுக் களஞ்சியம் கட்டுதல் அறிவுடைமை அன்று. சின்கோனாவின் பாடம் அதுவே. அனுபவமுள்ள கமக்காரர் ஒருவரை அணுகி, அவர் பிடிகட்டித் தொங்கவிடும் முறையைக் கற்க வேண்டும். ஓர் அந்தர் வெங்காயம் வாங்கி, பாதியை அம்முறைப்படியும், பாதியைக் காற்றோட்டமான தட்டுகளிலும் வைத்து, வாரந்தோறும் நிறுத்து, வற்றியது எவ்வளவு, அழுகியது எவ்வளவு என்று குறித்துவர வேண்டும். நடுகைக் காலத்து விலையிலிருந்து இழப்பையும் செலவையும் கழித்தால், இத்தொழில் ஆகுமா ஆகாதா என்பதை அக்கணக்கே கூறிவிடும். ஆகாதெனின் இழப்பு ஓர் அந்தருடன் நின்றுவிடும்.

மாணவர்க்கு நாம் கூறுவது இதுவே: ஓர் அப்பியாசக் கொப்பியை எடுங்கள். ஓராண்டுக்கு உங்கள் ஊர் முறைப்பாடுகளைக் கத்தரித்து ஒட்டி, மூன்று வினாக்களுக்கும் விடை எழுதிவாருங்கள். பெரும்பாலானவை பயன்படா, ஒன்றிரண்டு உங்களை விட்டு நீங்கா. பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள்: பிள்ளை தராசுடன் வெங்காயக் கொட்டிலில் நிற்பதைக் கண்டு, "இதற்காகவா படிப்பித்தோம்?" என்று கேளாதீர்கள். நிறுத்துக் குறித்து ஆராய்ந்து முடிவு காண்பதற்கே அவர்களைப் படிப்பித்தோம்.