மலேரியா போலத் தெரியும் பபீசியா

கோடையில் அமெரிக்காவிலுள்ள பிள்ளைகள் வீட்டுக்குப் போய்வரும் பெற்றோர் நம்மிடையே நிறையப் பேர். கனெக்டிகட், மாசசூசெட்ஸ், நியூ ஜெர்சி பக்கம் பல வீடுகளின் பின்னாலேயே காடு தொடங்கிவிடும். அங்கே புல்லில் இருக்கும் இளம் மான் உண்ணி கசகசா அளவுதான் இருக்கும். அது கடித்ததே பலருக்குத் தெரியாது. 1 முதல் 4 வாரம் கழித்துக் காய்ச்சல், குளிர் நடுக்கம், அசதி வந்தால், சிவப்பணுவுக்குள் புகுந்து வாழும் பபீசியா என்ற ஒட்டுண்ணி காரணமாக இருக்கலாம். நம்மூரில் உண்ணிக் காய்ச்சல் எனப்படும் ஸ்க்ரப் டைபஸ் பாக்டீரியாவால் வருவது. அதற்கான சோதனையில் பபீசியா சிக்காது.

கண்ணாடியில் ஒரு துளி

ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, இன்னொரு தகட்டின் விளிம்பால் மெல்லிய பூச்சாக இழுக்கிறார்கள். உலர்ந்ததும் மெத்தனாலில் நிலைப்படுத்தி, ஜீம்சா சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். சிவப்பணுவுக்குள் நீல வளையம், ஓரத்தில் செம்ஊதாப் புள்ளி. ஃபால்சிபாரம் மலேரியாவும் ஏறக்குறைய இப்படித்தான் தெரியும். ஆனால் மலேரியா விட்டுச்செல்லும் பழுப்பு நிறமி பபீசியாவில் இருக்காது. ஒட்டுண்ணிகள் அணுவுக்கு வெளியேயும் தென்படலாம். நான்கு சேர்ந்து சிலுவை வடிவில் நின்றால் சந்தேகமே இல்லை. ஆனால் அது அபூர்வம், அதற்காகக் காத்திருப்பது வீண்.

தொடக்கத்தில் 100 சிவப்பணுக்களில் ஒன்றில்கூட ஒட்டுண்ணி இல்லாமல் போகலாம். ஆகவே ஒருமுறை ‘நெகட்டிவ்’ என்று வந்ததோடு விட்டுவிடக் கூடாது. அடுத்தடுத்த நாட்களில் மறுபடி பார்க்க வேண்டும். எத்தனை சதவீத அணுக்களில் தொற்று என்ற கணக்கும் முக்கியம். 10 சதவீதத்தைத் தாண்டி, நோயும் கடுமையாக இருந்தால், ரத்தத்தையே மாற்றி ஏற்றுவது பற்றி மருத்துவர்கள் யோசிப்பார்கள்.

பிசிஆர், ஆன்டிபாடி

கண்ணுக்குத் தப்பும் குறைந்த தொற்றையும் பிசிஆர் பிடிக்கும். எந்த வகை பபீசியா என்றும் சொல்லும். சிகிச்சை முடிந்து சில மாதங்கள்வரை சிலருக்கு அது ‘பாசிட்டிவ்’ காட்டலாம். காய்ச்சலோடு வந்தவருக்கு முதலில் ஆன்டிபாடி சோதனை எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆரம்ப நாட்களில் அது ஒன்றும் காட்டாமல் போகலாம். காட்டினாலும் பழைய தொற்றாக இருக்கலாம்.

ரத்த தானம்

குளிர்பதனத்தில் வைத்த ரத்தத்திலும் பபீசியா பிழைத்திருக்கும். அதனால்தான் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 2019இல், 14 மாநிலங்களிலும் வாஷிங்டன் டிசியிலும் தானமாகும் ரத்தத்தைப் பரிசோதிக்கப் பரிந்துரைத்தது.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

எங்கே, எந்த மாதம் போனீர்கள், அண்மையில் ரத்தம் ஏற்றினார்களா, மண்ணீரல் அகற்றப்பட்டதா என்பதைக் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். மண்ணீரல் இல்லாதவர்களுக்கும் வயதானவர்களுக்கும் நோய் முற்றும் ஆபத்து அதிகம். அதே மான் உண்ணி லைம் நோயையும் பரப்பும். அதற்குத் தரும் டாக்ஸிசைக்ளின் பபீசியாவைக் கொல்லாது. இதற்கு அட்டோவக்வோனும் அசித்ரோமைசினும் சேர்த்துத் தர வேண்டும்.