பழிசுமந்த பச்சை மது

பிரெஞ்சு மக்களின் 'அப்சாந்' என்னும் மதுவைப் பற்றிச் சில கூற விழைகின்றோம். மாசிபத்திரிக்கு இனமானதொரு கசப்புப் பூண்டையும், பெருஞ்சீரகத்தையும், அனிஸ் விதையையும் மதுசாரத்தில் ஊறவைத்து வடிப்பதே இது. இலைப்பச்சையால் நிறம் பெறும்.

இதனைத் தனியே அருந்துதல் மரபன்று. சிறிது மதுவைக் கிண்ணத்தில் வார்த்து, துளைக்கரண்டியை விளிம்பிற் கிடத்தி, அதன்மேற் சீனிக்கட்டியை வைத்து, குளிர்நீரைத் துளித்துளியாக விடுவர். மது ஒரு பங்காயின், நீர் மூன்று முதல் ஐந்து பங்கு. நறுமண எண்ணெய் நீரிற் கரையாமையால் தெளிந்த பச்சை பாற்போலக் கலங்கும். அதனைக் கண்டு, நுகர்ந்து, மெல்லப் பருகுவதே இன்பமாம்.

1905 இல் சுவிற்சர்லாந்தில் லான்பிரே என்பவன் மனைவியையும் இரு பெண்மக்களையும் சுட்டுக் கொன்றான். அன்று அவன் அருந்திய அப்சாந் இரண்டு கிண்ணமே; வைனோ அதனினும் பன்மடங்கு. ஆயினும் பழி பச்சை மதுவைச் சூழ்ந்தது. 1910 இல் அந்நாட்டிலும் 1915 இல் பிரான்சிலும் தடை வந்தது. பூண்டிலுள்ள 'துயோன்' சித்தத்தைக் கெடுக்கும் என்றனர்.

தடைக்கு முந்திய போத்தல்களைச் சோதித்த ஆய்வொன்று 2008 இல் வெளியாயிற்று. துயோன் சொற்பமே, மதுசாரமோ சிலவற்றில் எழுபது வீதத்துக்கும் மேல். சுவிற்சர்லாந்தில் 2005 இலும், பிரான்சில் 2011 இல் முற்றாகவும் தடை நீங்கிற்று.

மகன் சித்தியடையாவிடின் பக்கத்து வாங்குப் பையனைக் குறைகூறும் தந்தையரை நாம் கல்லூரியிற் கண்டதுண்டு. அன்று ஐரோப்பாவில் நிகழ்ந்ததும் அதுவே. அளவிறந்த குடியைக் கண்டியாது ஒரு பூண்டைக் கண்டித்தனர். வைன் கடைகள் திறந்தே கிடந்தன.