ரசிகர் குழுவில் சேர விண்ணப்பமா? ஆளுமைக் கேள்விகளை நியாயமாகக் கேட்பது எப்படி?

ஒரு ஹாரி பாட்டர் ரசிகர் குழுவில் சேர விண்ணப்பிக்கிறீங்கன்னு வைங்க. 'நீங்கள் தைரியசாலியா, கடின உழைப்பாளியா, அறிவாளியா, லட்சியவாதியா?' என்று முதல் கேள்வி வருகிறது. புத்தகத்தைப் படித்தவர்களுக்கு எந்தப் பதில் எந்த ஹவுஸுக்குப் போகும்னு உடனே புரிந்துவிடும். கிரிஃபிண்டோர் வேணும்னா 'தைரியம்' என்று டிக் அடித்தால் போதும்.

ஹவுஸ் பிரிக்கும் விளையாட்டுக்கு இது ஓகே. ஆனால் யாரைச் சேர்ப்பது, யாரை மாடரேட்டர் ஆக்குவது என்று இதே மாதிரிக் கேள்விகள் முடிவு செய்யும்போது, யாரோ ஒருவர் காரணமே தெரியாமல் வெளியே நிற்கிறார்.

எங்கே தப்பு நடக்குது?

முதலாவது, நல்ல பெயர் எடுக்கும் ஆசை. 'நீங்கள் பொறுமைசாலியா?' என்று கேட்டால் யார்தான் 'இல்லை' என்பார்கள்? இந்தப் போக்கை அளக்கவே கிரவுன், மார்லோ என்ற இரு உளவியலாளர்கள் 1960-ல் தனி அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள்.

இரண்டாவது, ஒரே கேள்வியில் இரண்டு விஷயம். 'நீங்கள் நட்பானவர், விதிகளை மதிப்பவர்: ஆம்/இல்லை?' நட்பானவர்தான், ஆனால் விதி மறந்துபோகும் என்பவர் எதை டிக் அடிப்பார்?

மூன்றாவது, பர்ஸை அளக்கும் கேள்வி. 'எத்தனை கலெக்டிபிள்ஸ் வாங்கியிருக்கீங்க?' என்பதில் ரசனையைவிட சம்பளம்தான் அதிகம் தெரியும். ஆங்கிலத்தில் நீளமாக எழுதியவருக்கு அதிக மதிப்பெண் கொடுப்பதும் கிட்டத்தட்ட இதே கதை.

பதிலை மறைத்துவிட்டால் சரியாகிடுமா?

2012-ல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட பாட்டர்மோர் தளம் அப்படித்தான் செய்தது. 'விடியலா, அந்தியா?' போன்ற கேள்விகளில் எது எந்த ஹவுஸ் என்று சட்டெனக் கண்டுபிடிக்க முடியாது. விளையாட்டுக்கு அருமையான யோசனை. ஆனால் சண்டையைத் தீர்க்க வேண்டிய மாடரேட்டருக்கும் அந்திப்பொழுதுக்கும் என்ன சம்பந்தம்? யூகிக்க முடியாத கேள்வி என்பதாலேயே அது நியாயமான கேள்வி ஆகிவிடாது.

'எனக்கு அப்படியே பொருந்துது' என்பதும் ஆதாரம் இல்லை. பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்களுக்கு ஆளுமைத் தேர்வு வைத்து, எல்லோருக்கும் ஒரே விவரிப்பைத் தனித்தனி முடிவு போலக் கொடுத்தார். 1949-ல் அவர் வெளியிட்ட ஆய்வின்படி, மாணவர்கள் அதன் துல்லியத்துக்குத் தந்த சராசரி மதிப்பெண் 5-க்கு 4.26!

சரி, எப்படித்தான் கேட்பது?

* முதலில் தேவையை எழுதுங்க. 'பகிரங்கமாகத் திட்டாமல் விதியை நினைவூட்டத் தெரியணும்' என்பது தேவை. 'நல்ல வைப் இருக்கணும்' என்பது தேவையே இல்லை.

* குணத்தை விட்டுவிட்டு சூழலைக் கேளுங்க. 'இரண்டு பேர் ஸ்பாய்லர் விஷயமாகச் சண்டை போடுறாங்க. ஒருவர் உங்க நண்பர். முதலில் என்ன செய்வீங்க?' இதற்குப் பதில் சொல்ல யோசிக்க வேண்டியிருக்கும்.

* இரண்டு நல்ல விஷயங்களில் ஒன்றைத் தேர்வு செய்யச் சொல்லுங்க. 'தாமதமானாலும் முழுமையாக முடிப்பது' அல்லது 'சின்னக் குறை இருந்தாலும் நேரத்துக்கு முடிப்பது'. இரண்டுமே கௌரவமான பதில் என்பதால் பொய் சொல்லும் அவசியம் குறையும்.

* மதிப்பெண் முறையை விண்ணப்பம் திறக்கும் முன்பே முடிவு செய்யுங்க. பெயரை மறைத்து, இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பிடட்டும். மார்க் ரொம்ப வித்தியாசப்பட்டால் கேள்வியில்தான் ஏதோ கோளாறு.

* சாதி, மதம், வருமானம், மனநலம் பற்றிக் கேட்காதீங்க. அதிகம் பேசாதவர் என்பதும் குறை இல்லை. தமிழிலோ தங்லீஷிலோ எழுதினாலும் கருத்துக்கு மட்டும் மார்க் போடுங்க.

* வெளியிடும் முன், உங்க வட்டத்துக்கு வெளியே உள்ள நாலைந்து பேரிடம் கொடுத்துப் பாருங்க. 'இது என்ன கேட்குது?' என்று அவர்கள் திருப்பிக் கேட்டால் மாற்றி எழுதுங்க.

ஆபீஸில் டீமுக்கு ஆள் எடுக்கும் படிவத்துக்கும் இதெல்லாம் பொருந்தும். நிராகரிக்கப்பட்டவர் 'ஏன்?' என்று கேட்டால், அவருடைய பதிலைக் காட்டி ஒரே வரியில் காரணம் சொல்ல முடியணும். அப்படிச் சொல்ல உதவாத கேள்வியைப் படிவத்திலிருந்து தூக்கிடுங்க.