ஆழம் தெரியாமல் அறை கட்டாதீர்கள்!

வேப்பம்பட்டில் ஒரு சிறிய வீடு என்று வைத்துக் கொள்ளுங்கள். வாசலில் ஒரு தாழ்வாரம். மேலே சிமெண்டு ஷீட்டுக் கூரை. மூன்று பக்கமும் இடுப்பளவு குட்டைச் சுவர். மாலை நேரத்தில் தாத்தா அங்கேதான் சாய்ந்திருப்பார். பிள்ளைகள் பாடம் படிப்பார்கள்.

மூத்த மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி விட்டது. இன்னும் ஓர் அறை வேண்டுமே!

"ஷீட்டைப் பிரித்து விடலாம். பாதிச் சுவர்தான் ஏற்கனவே இருக்கிறதே! அதன் மேலேயே எழுப்பித் தளம் போட்டு விடலாம்" என்றார் அப்பா.

"சுவர் இருக்கிறது, சரி. அதற்குக் கடைக்கால் எவ்வளவு ஆழம் இருக்கிறது?" என்று கேட்டாள் அம்மா.

யாருக்கும் பதில் தெரியவில்லை!

அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி. தாழ்வாரத்தை அறையாக்க நினைக்கும் எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி.

நான்கு யானைப் பளு!

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

10 அடி நீளம், 10 அடி அகலம் உள்ள தாழ்வாரத்தின் ஷீட்டு, சுமார் 150 கிலோ எடை இருக்கும். அதே இடத்தில் 5 அங்குலக் கனத்தில் கான்கிரீட் தளம் போட்டால் எடை சுமார் 3 டன். அதாவது 20 மடங்கு!

சுவர்களையும் சேர்க்க வேண்டும். 9 அங்குலக் கனத்தில் 10 அடி நீளம், 10 அடி உயரம் உள்ள செங்கல் சுவர் ஒன்று சுமார் 4 டன். மூன்று சுவருக்கு 12 டன். ஆக மொத்தம் 15 டன்!

நான்கு பெரிய யானைகள் ஏறி நிற்பது போன்ற பளு இது. ஷீட்டைத் தாங்கப் போட்ட கடைக்கால் இதைத் தாங்குமா?

மண் செய்யும் மாயம்

திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டைக்கும் நடுவில் இருக்கிறது வேப்பம்பட்டு. ஏரிகளும் வயல்களும் நிறைந்த மாவட்டம் திருவள்ளூர். வயலாக இருந்து மனையான இடங்களில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, களிமண். மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். மேலே உள்ள சுவரையும் தூக்கி இறக்கும். சுவர் பிளந்து விடும்.

இரண்டு, கொட்டி நிரப்பிய மண். நன்றாக இடித்துக் கெட்டிக்காத மண் நாளடைவில் அமுங்கும். ஒரு பக்கம் அதிகமாக அமுங்கினால் ஆபத்து.

இத்தாலி நாட்டில் பைசா கோபுரம் சாய்ந்ததற்கு அடியில் இருந்த மென்மையான மண்தான் காரணம். 1173-ல் அதைக் கட்டத் தொடங்கினார்கள். சில மாடிகள் எழும்பியதுமே சாயத் தொடங்கி விட்டது. அதன் கடைக்கால் ஆழம் சுமார் 3 மீட்டர்தான். 1990-ல் கோபுரத்தை மூடினார்கள். சாய்வைக் குறைத்த பிறகு 2001-ல்தான் மீண்டும் மக்களை உள்ளே விட்டார்கள்.

குழி தோண்டிப் பாருங்கள்

கடைக்காலைப் பார்ப்பது கஷ்டமான வேலை அல்ல. ஒரு நாள் வேலைதான்.

வெளிப்பக்கம் சுவரை ஒட்டி, 2 அடி அகலம், 3 அடி நீளத்தில் ஒரு குழி தோண்டச் சொல்லுங்கள். இரண்டு இடத்தில் பார்ப்பது நல்லது. கடைக்காலின் அடி தெரிந்ததும் நிறுத்தி விட வேண்டும். அதற்கும் கீழே தோண்டினால் சுவரே இறங்கி விடும். ஜாக்கிரதை! சுவர் நீளத்துக்கும் ஒரேயடியாகத் தோண்டக் கூடாது.

குழியில் என்ன பார்ப்பது?

ஆழம்: இயற்கையான தரை மட்டத்திலிருந்து குறைந்தது 50 செ.மீ. வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி. மேலே கொட்டிய மண்ணை இதில் சேர்க்கக் கூடாது. களிமண்ணில் இன்னும் ஆழம் வேண்டும்.

அகலம்: சுவரை விட அடியில் அகன்று இருக்கிறதா? கீழே ஜல்லி கான்கிரீட் இருக்கிறதா?

மண்: ஈர மண்ணை எடுத்து முறுக்கு மாவு போல் உருட்டுங்கள். மெல்லிய கயிறாக நீண்டால் களிமண். உடைந்த ஓடும் குப்பையும் கலந்திருந்தால் அது நிரப்பிய மண்.

அன்றைக்கே குழியை மூடி, இடித்துக் கெட்டித்து விடுங்கள். திறந்த குழியில் குழந்தைகள் விழுந்து விடக் கூடும்.

இவற்றையும் மறக்காதீர்கள்

தாழ்வாரத்துக்கு அடியில் கழிவுநீர்க் குழாயோ, செப்டிக் டாங்கோ இருக்கிறதா?

பக்கத்தில் பெரிய வேப்ப மரம் நிற்கிறதா? அதன் வேர் களிமண்ணின் ஈரத்தை உறிஞ்சும். அதற்காக அவசரப்பட்டு வெட்டவும் கூடாது. வெட்டினால் மண் மறுபடி உப்பலாம்.

பழைய சுவரில் விரிசல் இருந்தால், அதன் முனையில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கோட்டைத் தாண்டி வளர்ந்தால் மண் இன்னும் அசைகிறது என்று அர்த்தம்.

பிறகு, தகுதி பெற்ற கட்டட என்ஜினீயரிடம் காட்டுங்கள். "போதாது" என்று அவர் சொன்னால் புதிதாகக் கடைக்கால் போடுங்கள். புதுச் சுவர் கொஞ்சம் அமுங்கத்தான் செய்யும். ஆகவே பழைய சுவரோடு அதை எப்படிச் சேர்ப்பது, எங்கே இடைவெளி விடுவது என்பதையும் அவரிடமே கேளுங்கள். ஊராட்சி அனுமதியையும் விசாரித்துக் கொள்ளுங்கள்.

சென்னை மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று, கட்டி வந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் மாண்டார்கள். நம்முடையது ஒரே ஓர் அறைதான். ஆனால், அதில் தூங்கப் போகிறவர்கள் நம் பிள்ளைகள் அல்லவா?

குழி தோண்ட ஒரு நாள் கூலி. தோண்டாமல் கட்டினால், ஆயுள் முழுவதும் சேர்த்த பணம் போகும், உயிரும் போகலாம்.

அம்மா கேட்ட கேள்வியை நீங்களும் கேளுங்கள். பதில் கிடைத்த பிறகு ஷீட்டைப் பிரியுங்கள்!